கென்யப் பள்ளிகளும் அயல்நாட்டு உதவியும்

2004ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கென்யாவின் எல்டொரெட் பகுதியிலுள்ள தொடக்கப்பள்ளி ஒன்றின் முதல் வகுப்பில் கிமானி மாருகே என்பவர் சேர்ந்தார். அவருக்கு அப்போது அகவை 84. ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் போராட்டத்தில் பங்கேற்ற அம்முதியவர், இளமையில் பள்ளிக்குச் சென்றதில்லை. பேரக்குழந்தைகளினும் இளையோருடன் சீருடை அணிந்தமர்ந்து எழுத்துக் கற்றார். 2003இல் கென்ய அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியதே அவருக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. 2005இல் நியூயார்க் நகருக்குச் சென்று, ஏழை நாடுகளின் குழந்தைகள் அனைவருக்கும் கட்டணமில்லாக் கல்வி வேண்டுமென அவர் பேசினார்.

நீக்கப்பட்ட அந்தக் கட்டணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. விடுதலை பெற்ற கென்யா, 1974இலேயே முதல் நான்கு வகுப்புகளுக்குக் கட்டணத்தை விலக்கியிருந்தது. 1980களில் கடன்சுமை பெருகியபோது, உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் அரசின் செலவுகளைக் குறைக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு கடன் வழங்கின. அதன் விளைவாக, 1988இல் கல்வியில் ‘செலவுப் பகிர்வு’ முறை நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்கு ஊதியம் தருவது அரசின் பொறுப்பு. நூல், கட்டடம் முதலானவற்றின் செலவு பெற்றோரின் பொறுப்பு. 1990களில் பள்ளிச் சேர்க்கை விகிதம் சரிந்தது.

அதே காலத்தில்தான் ‘அனைவருக்கும் கல்வி’ என்னும் முழக்கமும் எழுந்தது. தாய்லாந்தின் ஜோம்தியன் நகரில் 1990இல் அதற்காக நடந்த உலக மாநாட்டைக் கூட்டிய அமைப்புகளுள் உலக வங்கியும் ஒன்று. ஒரு கையால் கட்டணத்தை வரவழைத்து, மறு கையால் கல்வியை வரவேற்ற முரணை அப்போது பலர் சுட்டிக்காட்டினர். 2000இல் செனகலின் தலைநகர் டாக்கரில் கூடிய மாநாடு, கல்வியில் உறுதியோடு முனையும் எந்த நாடும் நிதியின்மையால் தடைபடாது என்று வாக்களித்தது.

அவ்வாக்குறுதியின் பின்னணியில்தான் 2003ஆம் ஆண்டின் அறிவிப்பு வந்தது. தொடக்கப்பள்ளி மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 59 இலட்சத்திலிருந்து 72 இலட்சமாக உயர்ந்தது. மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் வீதம் பள்ளிகளுக்கு மானியம் அளிக்கப்பட்டது. உலக வங்கியும் பிரிட்டனும் பிற நாடுகளும் இதற்குத் துணைநின்றன. எனினும், கல்விச் செலவின் பெரும்பகுதியான ஆசிரியர் ஊதியத்தைக் கென்ய மக்களின் வரிப்பணமே தாங்கியது. உதவி பற்றிய பேச்சுகளில் இவ்வுண்மை எளிதில் மறைந்துவிடுகிறது. 2009இல் இத்திட்டத்தின் நிதியில் முறைகேடு வெளிப்பட்டபோது, பிரிட்டன் அரசுவழி வழங்கிவந்த நிதியை நிறுத்தியது. தவறிழைத்தோர் அதிகாரிகள், மானியத்தை எதிர்நோக்கி நின்றவை பள்ளிகள்.

நூல் இருந்தும் படிக்க இயலாமை

நிதி குறைவின்றிக் கிடைத்தாலும், அது எதற்காகச் செலவிடப்பட வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது. இதற்கு விடை தேடிய ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, மேற்குக் கென்யாவின் புசியா, டெசோ மாவட்டங்களில் நடந்தது. அப்பகுதிப் பள்ளிகளில் ஒரே நூலைப் பல மாணவர் பகிர்ந்து படித்தனர். நூல் கொடுத்தால் தேர்ச்சி உயரும் என்று அனைவரும் நம்பினர். நெதர்லாந்தைச் சேர்ந்த தொண்டு நிறுவனம் ஒன்று 1996இல் 100 பள்ளிகளைச் சார்பின்றி நான்கு குழுக்களாகப் பிரித்து, முதலில் 25 பள்ளிகளுக்கு மட்டும் பாடநூல்களை வழங்கியது. நூல் பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் மைக்கேல் கிரெமர் முதலான பொருளியல் அறிஞர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

முடிவு எவரும் எதிர்பாராதது. சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்னரே நன்கு படித்துவந்த மாணவர் மட்டும் மேலும் முன்னேறினர். மற்றையோர் இருந்த இடத்திலேயே இருந்தனர். நூல்கள் அரசு ஏற்ற நூல்கள், தரத்தில் குறையற்றவை. ஆனால் அவை ஆங்கிலத்தில் இருந்தன. அப்பகுதிக் குழந்தை வீட்டில் பேசுவது லூயியா அல்லது டெசோ மொழி. அடுத்துக் கற்பது சுவாகிலி. ஆங்கிலம் மூன்றாவது மொழி. நான்காம் வகுப்பு முதல் அதுவே பயிற்றுமொழி. பெரும்பாலான மாணவரால் கையிலிருந்த நூலைப் படித்துப் பொருள்கொள்ள இயலவில்லை. நகரத்து வசதிமிக்க குடும்பத்துக் குழந்தையை மனத்தில் கொண்டு வகுத்த பாடத்திட்டம், சிற்றூர் மாணவர்க்கு எட்டாமல் நின்றது. தன் தாய்மொழியில் பாடநூலைப் படித்துவரும் மாணவர்க்கு, நூல் கையிலிருந்தும் கல்வி கைக்கு எட்டாத அந்நிலையை எண்ணிப் பார்ப்பது கடினம்.

அதே மாவட்டத்தில் 75 பள்ளிகளில் நடந்த மற்றோர் ஆய்வு வேறொரு செய்தியைத் தந்தது. மாணவர்க்குக் குடற்புழு நீக்க மாத்திரை அளித்தபோது, பள்ளிக்கு வாராமை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆயினும் மதிப்பெண் உயரவில்லை. இதன் கணக்கீடுகள் குறித்துப் பின்னாளில் அறிஞரிடையே வாதங்களும் எழுந்தன. இந்தியப் பள்ளிகளில் 2015 முதல் கடைப்பிடிக்கப்படும் தேசியக் குடற்புழு நீக்க நாளை மாணவர் நன்கறிவர். இத்தகைய கள ஆய்வு முறைக்காகக் கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய மூவரும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

வகுப்பறையை நாடிய திட்டம்

2015இல் அமெரிக்க உதவியுடன் கென்யா முழுவதும் ‘துசோமே’ திட்டம் தொடங்கியது. சுவாகிலியில் ‘படிப்போம்’ என்பது அச்சொல்லின் பொருள். முதலிரு வகுப்புகளின் குழந்தை ஒவ்வொருவருக்கும் சுவாகிலியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நூல் வழங்கப்பட்டது. ஆனால் நூலோடு பணி முடியவில்லை. எழுத்தின் ஒலியிலிருந்து தொடங்கி அன்றாடம் எப்பகுதியை எவ்வாறு கற்பிப்பது என விளக்கும் கையேடு ஆசிரியருக்குத் தரப்பட்டது. அரசின் கல்வி அலுவலர்கள் கைக்கணினியுடன் வகுப்பறைக்குச் சென்று, சில குழந்தைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆசிரியரோடு அமர்ந்து குறைகளைப் பேசினர். மேற்பார்வை என்பது பதிவேட்டைப் புரட்டுவதாக இருந்த நிலை மாறியது. குழந்தைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்தது.

இத்திட்டத்திற்கு நிதியளித்த அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமை, அந்நாட்டு அரசின் முடிவால் 2025 சூலை முதல் நாளோடு செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. அம்முடிவு வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. கென்யப் பள்ளிகளிடம் கேட்டு எடுக்கப்பட்டதன்று. ஆனால், துசோமே வகுப்புகளில் பாடம் நடத்திய ஆசிரியர்களும் அவற்றைப் பார்வையிட்ட அலுவலர்களும் தொடக்கம் முதலே கென்ய அரசின் ஊதியம் பெற்றவர்கள்.