ஒரே மேசை, வேறு வேறு தட்டு

சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைக்க இரண்டு வகை அடுக்குகள் இருக்கும். ஒன்றில் ‘ஹலால்’ என்று எழுதியிருக்கும். மற்றது ஹலால் அல்லாத கடைகளின் தட்டுகளுக்கு. பல நிலையங்களில் பாத்திரங்களின் நிறமும் வேறு வேறு. ஹலால் கடையின் தட்டு பச்சை என்றால், பன்றி இறைச்சி விற்கும் கடையின் தட்டு பச்சையாக இருக்காது. மேசையைத் துடைக்க வரும் முதியவர் எந்தத் தட்டு எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் தெரிந்துகொள்வார்.

உணவகங்களுக்கு உள்ளமைப்பும் பெயர்ப்பலகையும் செய்து கொடுப்பது என் தொழில். இந்த ஊரில் சாப்பாட்டுக்காகச் செய்யப்பட்ட வடிவமைப்புகளில் எது உயர்ந்தது என்று யார் கேட்டாலும் இந்தத் தட்டு நிறத்தைத்தான் சொல்வேன். அது இருப்பதால்தான் என் சீனத் தோழி பன்றி இறைச்சி போட்ட மீ நூடுல்ஸும், மலாய்த் தோழி தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும், நான் தயிர்ச் சாதமும் வாங்கிக்கொண்டு ஒரே மேசையில் உட்கார முடிகிறது. யாரும் யாருக்காகவும் தன் சாப்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. யாரும் எழுந்து வேறு மேசைக்குப் போக வேண்டியதும் இல்லை.

ஒன்றாகச் சாப்பிடுவது என்றால் ஒரே உணவைச் சாப்பிடுவது என்றுதான் பல ஊர்களில் நினைக்கிறார்கள். இங்கே மாட்டிறைச்சி தொடாதவர், பன்றி இறைச்சி தொடாதவர், எந்த இறைச்சியுமே தொடாதவர் என்று எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் சாப்பிடும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு கட்டடத்தைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் தெரியவரும்.

1960-களில் பெரும்பாலான அங்காடிக்காரர்கள் தெருவோரத்தில்தான் வியாபாரம் செய்தார்கள். குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிவு கால்வாயில் போகும். அரசாங்கம் 1968, 69-இல் அவர்களைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை நிலையங்களைக் கட்டிக் குடியேற்றியது. ஒவ்வொருவருக்கும் சிறிய கடை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய். மேலே உயரமான கூரை, பக்கங்களில் சுவர் இல்லாமல் காற்று வரும் திறப்பு. இதில் என்னை அதிகம் கவர்வது மேசைதான். அது எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. புரோட்டாக் கடைக்கு எதிரே உட்கார்ந்து நாலு கடை தள்ளி வாங்கிய கோழிச் சோற்றைச் சாப்பிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மேசை பொதுவானது என்பதால் கடைக்காரர் தன் கவனத்தையெல்லாம் ஓர் உணவில் வைக்கிறார். அதனால்தான் வாழ்நாள் முழுவதும் மீன் உருண்டை மீ மட்டுமே செய்தவரும், பிரியாணி மட்டுமே செய்தவரும் இங்கே உண்டு. இந்த அங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பலரும் உணவின் ருசிக்குக் கிடைத்த பெருமை என்று அதைக் கொண்டாடினார்கள். மேசைக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழ்பவள் நான். வரைபடத்தை ஆங்கிலத்தில் யோசிப்பேன், சாப்பாட்டைத் தமிழில்தான் யோசிக்க வரும். பெயர்ப்பலகை வேலையில் இரண்டும் ஒரே பலகையில் வந்து நிற்கின்றன. அங்காடிக் கடையின் பலகையைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே விளக்கு எரியும் பெட்டி, வரிசையாக உணவுப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். படிக்கத் தெரியாதவரும், வேறு மொழி பேசுபவரும், நேற்று வந்திறங்கிய சுற்றுப்பயணியும் “மூணாம் நம்பர்” என்று விரலைக் காட்டி வாங்கலாம். வடிவமைப்புப் பள்ளியில் யாரும் இதைப் பாடமாக வைக்க மாட்டார்கள். எனக்கு இது பாடம்தான்.

தமிழ் எழுத்துக்கு அந்தப் பலகையில் கிடைக்கும் இடம் மட்டும் மனத்தை உறுத்தும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றுவிடும். தமிழுக்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும் ஏறும், கீழே உகரச் சுழி இறங்கும். ‘முட்டை’ என்ற ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். முதல் எழுத்துக் கீழே இறங்குகிறது, இரண்டாம் எழுத்தின் புள்ளி மேலே நிற்கிறது, மூன்றாம் எழுத்து பக்கவாட்டில் இடம் கேட்கிறது. ஆங்கிலத்துக்குக் கொடுத்த அதே உயரத்தைக் கொடுத்தால் தமிழ் சிறுத்துவிடும். இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கும் கோடுகள் மட்டும் தடித்துத் தெரியும். தமிழுக்குத் தயாராகாத மென்பொருளில் ஒட்டினாலோ, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நான் செய்யும் பலகைகளில் தமிழ் வரியை முதலில் அமைத்துவிட்டு, அதற்குப் பொருந்த ஆங்கிலத்தின் அளவை முடிவு செய்கிறேன். ‘மீன் தலைக் கறி’ என்று தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தமிழ் படிக்காதவர்களாக இருக்கலாம். மீதிப் பாதிப் பேருக்கு அந்த எழுத்து அழகாக இருக்க வேண்டும்.

மீன் தலைக் கறி என்றதும் ரேஸ் கோர்ஸ் சாலையைச் சொல்லாமல் போக முடியாது. கேரளத்திலிருந்து வந்த கோமெஸ் என்பவர், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதை நம் குழம்பில் போட்டுக் கொடுத்தார் என்பது இங்கே பலரும் சொல்லும் வரலாறு. பிறகு, 1969-இல் தொடங்கிய முத்துஸ் கறி, 1974-இல் வந்த பனானா லீஃப் அப்போலோ என்று அந்தச் சாலையில் இருக்கும் இரண்டு உணவகங்களும் அதைப் பேர்பெற்ற உணவாக்கின. இந்த உணவகங்களில் மேசை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆளுக்கு ஓர் இலை. தலையும் குழம்பும் ஒரே பாத்திரத்தில் நடுவில். கையால் சாப்பிடுபவர் கையால் சாப்பிடுவார், கரண்டி கேட்பவருக்குக் கரண்டி வரும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தலையைப் பிய்த்துத் தின்பார்கள்.

இலைச் சாப்பாட்டுக்கு அளவு முக்கியம். விரித்த இலை ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழம் பிடிக்கும். எதிரெதிரே இரண்டு இலை போட்டு, நடுவில் குழம்புப் பாத்திரமும் தண்ணீரும் வைக்க இடம் வேண்டும். புதிதாகத் திறக்கும் பல தென்னிந்திய உணவகங்களில் மேசை 60 சென்டிமீட்டர் சதுரம். அது காப்பிக்கும் கேக்குக்கும் செய்த அளவு. அங்கே இலை தட்டுக்குள் வெட்டி வைக்கும் அலங்காரமாகச் சுருங்கிவிடுகிறது, ரசத்துக்கு இடம் கிண்ணத்தில். சுவரில் கோலம், கூரையில் கூடை விளக்கு, மூலையில் அம்மிக்கல் எல்லாம் இருக்கும். கை கழுவும் தொட்டி மட்டும் கழிவறைக்குள் ஒளிந்திருக்கும். கையால் சாப்பிடும் பண்பாட்டைக் கொண்டாடும் இடத்தில் எச்சில் கையோடு கதவைத் திறக்க வேண்டியிருந்தால் அந்தக் கோலத்தால் யாருக்கு என்ன பயன்?

விளக்கும் அப்படியே. மஞ்சள் வெளிச்சம் இதமாக இருக்கும் என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அதன் கீழே தயிர்ச் சாதம் பழுப்பாகும், கீரை கறுக்கும், தேங்காய்ச் சட்னி பழையது போலத் தெரியும். நம் சாப்பாட்டில் வெள்ளைக்கும் பச்சைக்கும் நிறைய வேலை இருக்கிறது. 1947-லிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸ் போன்ற பழைய கடைகளின் வெள்ளை வெளிச்சத்தை மட்டமான ரசனை என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும். அங்கே இட்லி வெள்ளையாகத் தெரிகிறது.

காப்பிக் கடைகளுக்கும் இதே நிலைமைதான். பளிங்கு மேசையும் வளைத்த மரக் கால் நாற்காலியும் இப்போது கடைத்தொகுதிகளில் பழைய நினைவுக்காக வாங்கி வைக்கும் பொருள்கள். பளிங்கு ஈரத் துணியால் ஓர் இழுப்பில் துடைபடும், வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். பழைய காப்பிக் கடைகளை நடத்திய ஹைனானியர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையைத் துணிப் பையில் வடித்த கோப்பி கொதிக்கக் கொதிக்க வரும். கனமான கோப்பை, அதற்கு அடியில் குழிந்த தட்டு. பழைய ஆட்கள் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற வைத்துக் குடிப்பார்கள். புதுக் கடைகள் பலவற்றில் கோப்பையின் பூப்போட்ட நிறம் அப்படியே இருக்கிறது, தட்டுதான் இல்லை.

இப்போது லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கத்தில் ஒரு சிறிய சைவ உணவகத்துக்கு வேலை செய்துகொண்டிருக்கிறேன். உரிமையாளர் இளைஞர்.

“அக்கா, படம் எடுத்தா நல்லா வரணும். எல்லாரும் போன்ல போடணும்.”

“வரும் தம்பி. முதல்ல உங்க அப்பா வந்து உக்காந்தா இலை விரியுமான்னு பார்ப்போம்.”

மேசையின் ஆழத்தை 75 சென்டிமீட்டருக்குக் கீழே குறைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. சில இருக்கைகள் குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவரும் சரி என்றார். இலையின் மேல் மட்டும் வெள்ளை விளக்கு, சுவரோரம் மஞ்சள் என்று பேசி முடித்திருக்கிறோம். கை கழுவும் தொட்டியை வாசலிலிருந்தே தெரியும்படி வைக்க வேண்டும் என்கிறேன். அங்கே பொம்மைக் கொலு போலப் பித்தளைப் பாத்திரங்களை அடுக்க ஆசைப்படுகிறார் அவர். அது இன்னும் பேச்சில் இருக்கிறது.