ஆனந்தின் ஏழாவது நகர்த்தல்!

குட்டீஸ், வாலாஜாபாத்தில் பஸ் ஏறி ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் போய் இறங்குவதற்குள் கால் மரத்துப் போகிறதா? நம்ம விஸ்வநாதன் ஆனந்த் ஒரு செஸ் போட்டிக்காகச் சுமார் 40 மணி நேரம் காரிலேயே போனார் தெரியுமா?

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டில் எரிமலை வெடித்தது. சாம்பல் பரவியதால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுவிட்டன. ஜெர்மனியில் மாட்டிக்கொண்ட ஆனந்த், சாலை வழியாகவே பல்கேரியாவின் சோபியா நகருக்குப் போனார். அங்கேதான் உலக சாம்பியன் போட்டி. எதிராளி, அந்த நாட்டு வீரர் டோபலோவ்.

முதல் ஆட்டத்திலேயே ஆனந்துக்குத் தோல்வி! ஆனாலும் மீண்டு வந்தார். 11 ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் தலா ஐந்தரை புள்ளி. மே 11-ம் தேதி, கடைசி ஆட்டம். ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள்.

செஸ் போர்டு இருந்தால் எடுத்து வையுங்கள். ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களுக்குத்தான் 'ஓப்பனிங்' என்று பெயர். ஏழாவது நகர்த்தலில் ஆனந்த் தன் குதிரையை ஈ4 கட்டத்துக்குத் தாவ விட்டார். இதுதான் 'லாஸ்கர் தற்காப்பு'. 1894 முதல் 1921 வரை, 27 வருடம் உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயர் கொண்ட பழைய முறை!

இதனால் என்ன லாபம்? இரு பக்கமும் ஒரு மந்திரி, ஒரு குதிரை வெட்டுப்பட்டு வெளியேறின. கூட்டமான பஸ்ஸில் நாலு பேர் இறங்கினால் மூச்சு விட இடம் கிடைக்குமே, அதுபோல நெருக்கடியில் இருந்த கறுப்புக் காய்களுக்கு இடம் கிடைத்தது.

ஆட்டம் டிராவில் முடிந்தால் அடுத்தது வேக ஆட்டம். அதில் ஆனந்த் கில்லாடி! அதனால் டோபலோவ் இந்த ஆட்டத்திலேயே ஜெயிக்கத் துடித்தார். 31, 32-வது நகர்த்தல்களில் அடுத்தடுத்து சிப்பாய்களை வெட்டினார். அவருடைய ராஜாவுக்கு இருந்த மறைப்பு விலகியது. ஆனந்தின் ராணியும் மந்திரியும் யானைகளும் சூழ்ந்துகொண்டன. 56-வது நகர்த்தலோடு டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறரைக்கு ஐந்தரை! பட்டம் ஆனந்திடமே இருந்தது.

கவனித்தீர்களா? ஓப்பனிங் ஆனந்துக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. பதறாமல் காத்திருக்க ஒரு நல்ல இடத்தைத்தான் கொடுத்தது. அடுத்த முறை சிப்பாய் ஒன்று சும்மா கிடைக்கிறதே என்று கை நீளும்போது, ஒரு நிமிடம் உங்கள் ராஜாவைத் திரும்பிப் பாருங்கள்!