மேக் கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கும் கையெழுத்துகள்

உங்கள் புதிய கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். மாடல் எண், சீரியல் எண், எத்தனை வோல்ட் மின்சாரம் தேவை, எந்த நாட்டில் தயாரானது என எல்லாம் இருக்கும். அதை வடிவமைத்த ஒரு மனிதரின் பெயர்கூட இருக்காது. சினிமா முடிந்ததும் லைட் பாய் வரை பெயர் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் உலகில் அந்த வழக்கம் வேரூன்றவே இல்லை.

ஆனால் 1984ல் விற்பனைக்கு வந்த ஒரு கம்ப்யூட்டரின் உள்ளே, அதை உருவாக்கிய நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்துகள் இருக்கின்றன. அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவற்றைப் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாத இடத்தில்தான் அவை வைக்கப்பட்டன.

அச்சில் பதிந்த பெயர்கள்

அந்தக் கம்ப்யூட்டர் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ். சுருக்கமாக மேக். 1984 ஜனவரி 24 அன்று அறிமுகமானது. விலை 2,495 டாலர். 9 இன்ச் கறுப்பு வெள்ளைத் திரை, 128 கேபி ராம். இன்று செல்போனில் நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோகூட அந்த நினைவகத்தில் அடங்காது. ஆனால் மவுஸை நகர்த்தி, சிறு படங்களைக் கிளிக் செய்து வேலை செய்யும் முறையைப் பெருவாரியான மக்களிடம் கொண்டு சென்றது இந்தப் பெட்டிதான். அதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் கட்டளைகளை மனப்பாடம் செய்து டைப் செய்ய வேண்டும்.

இது விற்பனைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1982 பிப்ரவரி 10 அன்று, மேக் குழுவினரை அழைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார் ஸ்டீவ் ஜாப்ஸ். ஓவியர்கள் தம் படைப்பில் கையெழுத்திடுகிறார்கள், நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். பெட்டியின் வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்ரி மேனாக் ஒரு பெரிய வரைபடத் தாளை மேஜையில் விரித்தார். கேக், ஷாம்பெய்ன் எல்லாம் இருந்தன. சுமார் 35 பேர் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட 40 நிமிடங்கள் ஆயின. ஜாப்ஸ் கடைசியாகப் போட்டார். அன்று இல்லாத சிலரின் பெயர்களும் பின்னர் சேர்க்கப்பட்டன.

அந்தத் தாளில் இருந்த கையெழுத்துகள், பிளாஸ்டிக் பெட்டியை வார்க்கும் அச்சில் பொறிக்கப்பட்டன. இட்லித் தட்டின் குழியில் ஓர் எழுத்தைச் செதுக்கிவிட்டால் அதன்பின் வேகும் ஒவ்வொரு இட்லியிலும் அந்த எழுத்து விழும் அல்லவா? அதே முறைதான். கூடுதல் செலவு எதுவும் இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு மேக்கின் உட்புறச் சுவரிலும் அத்தனை கையெழுத்துகளும் இருந்தன.

பெட்டியைத் திறப்பது எளிதல்ல. கைப்பிடிக் குழிக்குள் ஆழமாக இருக்கும் நட்சத்திர வடிவ ஸ்க்ரூக்களைக் கழற்ற, மிக நீளமான தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மேக் உங்கள் கைக்குக் கிடைத்தால், ஆர்வத்தில் நீங்களே திறந்துவிடாதீர்கள். அதில் இருப்பது பழைய டிவி போன்ற பிக்சர் டியூப். மின் இணைப்பை எடுத்த பிறகும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். டிவி மெக்கானிக்குகளிடம் கேட்டால் அனுபவத்தைச் சொல்வார்கள்.

யார் இவர்கள்?

ஸ்டீவ் ஜாப்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயருக்கு அருகில் இருக்கும் மற்ற பெயர்கள்தான் சுவாரஸ்யமானவை.

ஜெஃப் ரஸ்கின். 1979ல் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கியவர் இவர்தான். தனக்குப் பிடித்த ஆப்பிள் வகையின் பெயரையே திட்டத்துக்கு வைத்தார். 1981ல் திட்டம் ஜாப்ஸ் கைக்குப் போனது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1982ல் ரஸ்கின் ஆப்பிளை விட்டே விலகினார். மேக் வெளியான நாளில் மேடையில் அவர் இல்லை. ஆனால் பெட்டிக்குள் அவர் கையெழுத்து இருந்தது.

விழாவில் முதல் கையெழுத்துப் போடும் கௌரவம் பர்ரெல் ஸ்மித்துக்கு அளிக்கப்பட்டது. இவர் ஆப்பிளில் 1979ல் சேர்ந்தது பொறியாளராக அல்ல, பழுதாகி வரும் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யும் டெக்னீசியனாக. அங்கிருந்து வந்து மேக்கின் மதர்போர்டை வடிவமைத்தார். இன்ஜினியரிங் பட்டம் வாங்கிவிட்டு ஒரு மதர்போர்டைக் கூட வடிவமைக்காத என்னைப் போன்றவர்கள் அவர் பெயரைக் கொஞ்சம் மரியாதையோடுதான் படிக்க வேண்டும்.

டேனியல் காட்கே. ஜாப்ஸின் கல்லூரி நண்பர். 1974ல் இருவரும் சேர்ந்து இந்தியாவில் சுற்றினார்கள். ஆப்பிள் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் இயங்கிய 1976லேயே அங்கு போர்டுகளைப் பொருத்தி வேலை செய்தவர். 1980 டிசம்பரில் ஆப்பிள் பங்குகள் சந்தைக்கு வந்தபோது பலர் ஒரே நாளில் கோடீஸ்வரர் ஆனார்கள். காட்கேக்கு நிறுவனம் பங்கு எதுவும் தரவில்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் டெக்னீசியன் என்பது காரணம். ஸ்டீவ் வாஸ்னியாக்தான் தன் சொந்தப் பங்கிலிருந்து அவருக்குக் கொடுத்தார். மேக்கின் சோதனை போர்டுகளைக் கட்டிய காட்கேயின் கையெழுத்து, அவருக்குப் பங்கு தராத நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கிறது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. மேக்கை இயக்கியதும் சிரித்த முகத்தோடு வரவேற்கும் சிறு கம்ப்யூட்டர் படம், குப்பைத் தொட்டி, வெடிகுண்டு ஆகிய ஐகான்களை வரைந்தவர் சூசன் கேர். விழா நடந்த அன்று அவர் ஆப்பிளில் சேரவே இல்லை, வந்தது 1983ல். மேக் வாங்கிய அத்தனை பேரும் தினமும் பார்த்தது அவர் கைவேலையைத்தான்.

பெயர் போடத் தடை

பெயரை ஏன் உள்ளே வைக்க வேண்டும், வெளியிலேயே போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய நிறுவனங்கள் அதை விரும்பவில்லை. பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளை இழுத்துவிடும். புகழ் வந்தால் சம்பளமும் கூடுதலாகக் கேட்பார்கள்.

அட்டாரி நிறுவனத்தில் வீடியோ கேம் எழுதியவர்களுக்கு இப்படித்தான் நடந்தது. வாரன் ராபினெட் என்ற புரோகிராமர், 'அட்வென்சர்' என்ற கேமை எழுதினார். மொத்த கேமுமே 4 கேபிதான். அதில் ஒரு ரகசிய அறையை அமைத்து, இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுதி வைத்தார். அந்த அறைக்குப் போக, பின்னணி நிறத்திலேயே இருக்கும் ஒற்றைப் புள்ளியைத் தேடி எடுத்துச் செல்ல வேண்டும். நிர்வாகத்திடம் அவர் மூச்சுவிடவில்லை. 1980ல் கேம் வெளிவந்தபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் போட்ட பிறகுதான் நிர்வாகத்துக்கு விஷயமே தெரிந்தது. ஈஸ்டர் பண்டிகையின்போது வண்ண முட்டைகளை ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேட வைப்பார்கள். அதனால் இதற்கு 'ஈஸ்டர் எக்' என்று பெயர் வந்தது. இதற்கிடையில் அட்டாரியின் நான்கு புரோகிராமர்கள் வெளியேறி 1979ல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே எழுதியவர் பெயரை வெளிப்படையாகவே போட்டார்கள்.

கோர்ட்டில் சாட்சி சொன்ன பெயர்

ஒளித்த பெயர் வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1982ல் ஃபிராங்க்ளின் என்ற நிறுவனம், ஆப்பிள் 2 கம்ப்யூட்டரைப் போலவே ஒன்றைத் தயாரித்து விற்றது. ஆப்பிளின் புரோகிராம்களும் அதில் அப்படியே இருந்தன. ஆப்பிள் வழக்குத் தொடர்ந்தது. ஜேம்ஸ் ஹஸ்டன் என்ற ஆப்பிள் புரோகிராமர் தன் புரோகிராம் ஒன்றுக்குள் தன் பெயரைப் பதித்து வைத்திருந்தார். ஃபிராங்க்ளின் தந்த டிஸ்கிலும் அதே பெயர் இருந்தது! தனியாக எழுதிய புரோகிராமில் அடுத்த நிறுவனத்து ஊழியரின் பெயர் எப்படி வரும்? காப்பி அடித்ததை ஃபிராங்க்ளினும் மறுக்கவில்லை. ரோம் சிப்பில் இருக்கும் புரோகிராமுக்குக் காப்புரிமையே கிடையாது என்றுதான் வாதாடியது. (சிடி-ரோம் என்பதில் வரும் அதே ரோம்தான். தொழிற்சாலையில் எழுதியது அழியாமல் இருக்கும்.) 1983 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு மிக முக்கியமான தீர்ப்பு இது.

இந்த அனுபவத்தால் மேக்கின் ரோமிலும் ஒரு படம் ஒளித்து வைக்கப்பட்டது. ஆப்பிளிடமிருந்து திருடப்பட்டது என்ற வாசகத்தோடு, சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் ஆப்பிள் சின்னம். வரைந்தவர் சூசன் கேர். யாராவது காப்பி அடித்தால், வழக்கு விசாரணையின்போதே சில கீகளை அழுத்தி அந்தப் படத்தை வரவைக்க வேண்டும் என்பது ஜாப்ஸின் திட்டம்.

நாயின் பாதமும் ஒரு கையெழுத்து

1985ல் வந்த அமிகா 1000 கம்ப்யூட்டரின் மேல் மூடியின் உட்புறத்திலும் குழுவினரின் கையெழுத்துகள் உண்டு. அவற்றோடு ஒரு நாயின் பாதத் தடமும் இருக்கும். அது அமிகாவின் தந்தை எனப்படும் ஜே மைனரின் நாய் மிட்சி. தினமும் அவரோடு அலுவலகம் வருமாம். அமிகாவை உருவாக்கிய சிறு நிறுவனத்தை 1984ல் கமோடோர் வாங்கியிருந்தது. அந்தக் கசப்பில், 1986ல் வந்த 1.2 சாப்ட்வேர் பதிப்பில், அமிகாவைச் செய்தது நாங்கள், பாழாக்கியது அவர்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் ஒளித்து வைக்கப்பட்டது. மூலத்தில் இருந்த சொல்லை இங்கே அச்சிட முடியாது.

1987ல் வந்த மேக் எஸ்இ மாடலின் 256 கேபி ரோமில், குழுவினரின் நான்கு போட்டோக்கள் இருந்தன. பக்கவாட்டில் உள்ள ஒரு பட்டனை அழுத்தி, ஜி 41டி89ஏ என்று டைப் செய்தால் அவை திரையில் ஒவ்வொன்றாக வரும். 2012ல் நியூயார்க்கில் சில ஆர்வலர்கள் பழைய மேக் ஒன்றின் ரோம் சிப்புகளைப் படித்து இந்தப் படங்களை மீண்டும் வெளியே எடுத்தார்கள்.

பிறகு இந்த வழக்கம் குறைந்தது. கையெழுத்து விழா நடத்திய அதே ஜாப்ஸ், 1997ல் ஆப்பிளுக்குத் திரும்பியதும் இத்தகைய ஒளித்த விஷயங்களுக்குத் தடை போட்டார். மைக்ரோசாப்ட்டின் எக்செல் 97 தொகுப்புக்குள் ஒரு குட்டி விமான விளையாட்டே இருந்தது. பறந்து போனால் எழுதியவர்களின் பெயர்கள் ஓடும். 2002ல் பாதுகாப்புக்கே முதலிடம் என்று பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு அறிவித்த பிறகு, இதற்கும் அங்கே இடமில்லாமல் போனது. இதில் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவருக்குச் சொல்லாத விமானத்தை உள்ளே வைக்க முடியும் என்றால், சொல்லாத வேறு எதையும் வைக்க முடியும். ஆனால் பிளாஸ்டிக்கில் பதித்த கையெழுத்து யாருடைய பாதுகாப்பையும் கெடுக்காது. அது ஏன் நின்றது என்பதற்கு இந்தக் காரணம் பொருந்தாது.

இன்று நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும், யார் எழுதியது என்ற விவரத்தோடு அலுவலக சர்வரில் பதிவாகிவிடுகிறது. தவறு வந்தால் உடனே ஆளைப் பிடிக்கலாம். பயன்படுத்தும் உங்களுக்கு மட்டும் அந்தப் பெயர் தெரியாது.

இலவசமாகக் கிடைக்கும் பல ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்களில் நிலைமை வேறு. உங்கள் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் இருந்தால் திறந்து, ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் கட்டத்தில் ஆதர்ஸ் என்பதைக் கிளிக் செய்தால், அதை எழுதியவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். போட்டோக்களைத் திருத்த உதவும் கிம்ப் தொகுப்பிலும் இதேபோல அபவுட் கட்டத்தில் கிரெடிட்ஸ் பட்டன் இருக்கிறது. பட்டியல் நீளம், கீழே வரை போக மவுஸ் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் உருட்ட வேண்டியிருக்கும்.