மொபைல் நம்பர் பிரைமரி கீ ஆகுமா?

போன எபிசோட்ல டேபிளை எப்படிப் பிரிக்கிறதுன்னு பார்த்தோம். இன்னிக்கு பிரைமரி கீ. ஒரு வரிசையை எதை வெச்சு அடையாளம் காண்பது?

1970-ல் ஐபிஎம்-மில் இருந்த எட்கர் காட் ரிலேஷனல் மாடலை முன்வெச்சார். அதுல டேபிள்களை இணைக்கிறது உள்ளே இருக்கிற மதிப்புகள்தான். அதனால கீ தப்பானா, இணைப்பும் தப்பாகும்.

ஒரு கிளினிக்கை எடுத்துக்குவோம். நோயாளிகள் டேபிளுக்கு மொபைல் நம்பரையே கீயா வெச்சுடலாம்னு பல பேர் சொல்வாங்க. எல்லார்கிட்டயும் இருக்கு, மனப்பாடமாவும் சொல்வாங்க. ஆனா நான் வேண்டாம்னு சொல்வேன். காரணம் மூணு.

ஒண்ணு, ஒரே நம்பர் பல பேருக்குப் பொது. தாத்தா, பேரன் ரெண்டு பேருக்கும் அப்பா நம்பரைத்தான் கொடுப்பாங்க. கீ திரும்ப வரக்கூடாதுங்கிறதால ரெண்டாவது ஆளைச் சேர்க்க முடியாது. ரிசப்ஷன்ல அவசரத்துக்கு முதல் ஆள் கணக்குலயே எழுதிடுவாங்க. தாத்தாவோட பெனிசிலின் அலர்ஜி பேரன் கணக்குல போய் உட்காரும்.

ரெண்டு, நம்பர் மாறும். மருந்துச்சீட்டு, லேப் ரிப்போர்ட், பில்னு ஃபாரின் கீ இருக்கிற எல்லா டேபிளையும் மாத்தணும். அதுக்கு 'ஆன் அப்டேட் கேஸ்கேட்' இருக்கு, உண்மைதான். ஆனா ஏற்கெனவே அச்சடிச்சுக் கொடுத்த ரிப்போர்ட்டை அது மாத்தாது.

மூணாவதுதான் ஆபத்து. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். அவர் வந்து நம்பரைச் சொன்னா, திரையில முன்பின் தெரியாத ஒருவரின் சிகிச்சை வரலாறு!

அப்போ என்ன செய்யலாம்? நோயாளிக்கு அர்த்தம் எதுவும் இல்லாத ஓர் எண்ணைக் கீயா கொடுங்க. மொபைல் நம்பருக்குத் தனி டேபிள் போடுங்க. அதில் நோயாளி எண், மொபைல் நம்பர், அது யாருடையது, எந்தத் தேதியிலிருந்து எதுவரைன்னு நாலு விவரம். இப்போ ஒருத்தருக்கு மூணு நம்பர் இருக்கலாம், ஒரு நம்பர்ல நாலு பேர் இருக்கலாம். நம்பரைத் தட்டினா பெயர்ப் பட்டியல் வரும். பிறந்த தேதியைக் கேட்டு ஆளை உறுதி பண்ணிக்கலாம்.

ஒரு விஷயம். எண் கொடுத்துட்டதால மட்டும் ஒரே ஆள் ரெண்டு தடவை பதிவாகிறது நிக்காது. புதுசா சேர்க்கும்போதே ஒத்துப்போற பெயர், பிறந்த தேதியைத் தேடிக் காட்டணும்.

எந்தக் கீயையும் முடிவு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: இது மாறுமா? ரெண்டு பேருக்குப் பொதுவாகுமா? இல்லாமலே போகுமா? ஒண்ணுக்கு 'ஆமாம்'னு பதில் வந்தாலும், அது வெறும் தகவல்தான், கீ இல்லை.