ரயில் வரும் பின்னே, நோட்டீஸ் வரும் முன்னே

தருமபுரி–பென்னாகரம் சாலையில் உள்ள இண்டூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் விவசாயிகள் இரண்டு விஷயங்களைப் பற்றி அதிகம் பேசிக்கொள்கிறார்கள். ஒன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ரயில் பாதை. மற்றொன்று, நகரம் தங்கள் பக்கம் விரிந்து வருவது. அதகப்பாடி, தடங்கம் பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா, சாலை ஓரமெல்லாம் வீட்டு மனைக் கற்கள், நிலம் கேட்டு வரும் தரகர்கள் என்று நிலைமை மாறி வருகிறது.

ரயில் வந்தால் நல்லதுதான். தக்காளியும் பூவும் மஞ்சளும் விளைவிக்கும் பகுதிக்குப் போக்குவரத்து வசதி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரயிலும் நகரமும் நிலத்தின் மேல்தான் வரவேண்டும். எந்த முடிவை யார் எடுக்கிறார்கள், அதில் நாம் எப்போது பேசலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாத சிறு விவசாயிக்கு, வளர்ச்சியே நஷ்டமாக முடிந்துவிடக் கூடும்.

பழைய பாதையின் கதை

மொரப்பூர்–தருமபுரி ரயில் புதிய யோசனை அல்ல. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறிய பாதை போடப்பட்டது. 1906இல் அதில் வண்டி ஓடத் தொடங்கியது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன.

பின்னாளில் சேலம்–பெங்களூரு பாதை தருமபுரி வழியாக அமைந்தது. ஆனால் சென்னை செல்லும் பெரிய பாதையில் உள்ள மொரப்பூருடன் இணைப்பு இல்லாமல் போயிற்று. இந்தக் குறையைத் தீர்க்க, 2016–17 ரயில்வே பட்ஜெட்டில் சுமார் 36 கிலோமீட்டர் புதிய பாதை சேர்க்கப்பட்டு, 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய தண்டவாளம் கிடந்த இடத்தில் ஒரு பகுதியில் கட்டடங்கள் எழுந்துவிட்டதால், புதிதாகவும் நிலம் எடுக்க வேண்டி வந்தது.

இந்தப் பாதை தருமபுரிக்குக் கிழக்கே. இண்டூர் இருப்பது மேற்கே. "நம் நிலத்தில் தண்டவாளம் வரப்போவதில்லையே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். ரயில் நிலையம் பெரிதானால் சாலை அகலமாகும், மனை விலை ஏறும், நகர எல்லை நகரும். தண்டவாளம் ஒரு பக்கம் வந்தால் அதன் விளைவு நான்கு பக்கமும் பரவும். அதனால் கீழே சொல்வது இரு பக்கத்து விவசாயிகளுக்கும் பொருந்தும்.

எந்த அலுவலகம் எதற்கு?

ரயில் பாதை எங்கே போவது என்பதை நகராட்சி மன்றம் முடிவு செய்ய முடியாது. அது தீர்மானம் போட்டுக் கோரிக்கை அனுப்பலாம், அவ்வளவே. பாதையைத் தீர்மானிப்பது ரயில்வே. நிலத்தை அளந்து எடுத்துக் கொடுப்பது மாவட்ட ஆட்சியரின் கீழ் உள்ள நில எடுப்பு அலுவலர். எந்த இடம் குடியிருப்பு, எது தொழில், எது விவசாயம், எங்கே புதுச் சாலை என்று வரைபடம் போடுவது நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளூர்த் திட்டக் குழுமமும். வழிகாட்டி மதிப்பை நிர்ணயிப்பது பதிவுத் துறை.

ஆகவே ரயில் பாதை பற்றி நகராட்சிக் கவுன்சிலரிடம் மட்டும் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். மனு உரிய இடத்துக்குப் போக வேண்டும்.

நகர வரைபடத்தில் உங்கள் சர்வே எண்

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு முழுமைத் திட்டமோ விரிவான வளர்ச்சித் திட்டமோ தயாரானால் அதை உடனே அமல் செய்துவிட முடியாது. அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். உங்கள் கம்பு வயலின் நடுவே 60 அடிச் சாலை வரையப்பட்டிருந்தால், அதைச் சொல்லும் காலம் இதுதான். திட்டம் இறுதியான பிறகு சொன்னால் பயன் குறைவு.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். திட்டத்தில் பொதுக் காரியத்துக்கென ஒதுக்கிய நிலத்தை அரசு மூன்று ஆண்டுக்குள் எடுக்க நடவடிக்கை செய்யாமலும், உடன்பாட்டின் பேரில் வாங்காமலும் இருந்தால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும் என்று அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது.

மனை போடுபவர்கள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன்பின் 2017இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளுக்கே பொருந்தின. எனவே பொது அதிகாரப் பத்திரத்தை நம்பித் தரகர் கையில் நிலத்தை விட்டுவிட்டு, பின்னால் மனை வாங்கியவர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். பக்கத்து நிலம் மனையாகும்போது வண்டிப் பாதையும், ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலும் மூடப்படாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலையே. மண் கொட்டி மேடாக்கிய பிறகு மழை நீர் எங்கே போகும் என்று தேடுவதில் பயனில்லை.

நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது

நில எடுப்பு அறிவிக்கை வந்தால் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று முதலில் பாருங்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமானால், முதல் அறிவிக்கைக்குப் பின் ஆட்சேபணை சொல்ல 60 நாள் உண்டு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் சிறப்புத் திட்டப் பிரிவானால் 30 நாள்தான். அறிவிக்கை அரசிதழிலும் பத்திரிகையிலும் வெளிவந்த தேதியை வைத்தே நாளை எண்ணுவார்கள். உங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்த தேதியை நம்பி இருந்துவிடாதீர்கள்.

2013 சட்டத்தின் கீழ் முதல் அறிவிக்கை வந்த பிறகு அந்த நிலத்தை ஆட்சியரின் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மகள் கல்யாணத்துக்கு ஒரு ஏக்கரை விற்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பணம் எப்படிக் கணக்காகிறது?

வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டில் பதிவான இதே மாதிரி நிலங்களின் கிரையப் பத்திரங்களில், அதிக விலை உள்ள பாதியின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. கிராமப்புறமானால் அதை 1 முதல் 2 வரை உள்ள ஒரு எண்ணால் பெருக்குவார்கள். நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பார்த்து மாநில அரசு அந்த எண்ணை வைக்கிறது. அத்துடன் கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை தருவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் பாருங்கள். ஏக்கருக்குச் சந்தை மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் 1.25 என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சத்து 50 ஆயிரம் ஆகிறது. கிணறும் தென்னையும் 2 லட்சம். மொத்தம் 14 லட்சத்து 50 ஆயிரம். ஆறுதல் தொகை சேர்ந்தால் 29 லட்சம். இதற்கு மேல், சந்தை மதிப்பின் பேரில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் ஒரு கூடுதல் தொகையும் உண்டு. 2013 சட்டத்தின் கீழ் தரும் இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை.

இதில் இரண்டு விஷயங்கள் கவனத்துக்கு உரியவை.

முதலாவது, பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம். முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்த 20 லட்சத்துக்கு வாங்கிய நிலத்தை 6 லட்சம் என்று எழுதுகிறோம். நாளைக்கு ஊருக்கே நில எடுப்பு வந்தால், கணக்கில் ஏறுவது அந்த 6 லட்சம்தான். ஒருவர் மிச்சம் பிடித்த கட்டணத்துக்கு ஊர் முழுவதும் விலை கொடுக்கிறது.

இரண்டாவது, ஊராட்சியா நகராட்சியா என்ற கேள்வி. நகர்ப்புற நிலத்துக்குப் பெருக்கும் எண் 1 தான். மேற்சொன்ன நிலமே நகர எல்லைக்குள் இருந்தால், அதே சந்தை மதிப்புக்கு 24 லட்சம்தான் வரும். வீட்டு வரி விகிதமும் மாறும், ஊரக வேலைத் திட்டமும் இருக்காது. அதற்கு ஈடாகத் தெருவிளக்கு, குடிநீர், வழிகாட்டி மதிப்பு உயர்வு வரக் கூடும். நகராட்சியில் சேர்வது நல்லதா கெட்டதா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்ட பிறகே கருத்துச் சொல்ல வேண்டும்.

நிலம் இரண்டாகப் பிரிந்தால்

சிறு விவசாயிக்குப் பெரிய இடி, எடுத்த நிலத்தைவிட மிஞ்சிய நிலத்தால் வருவது. மூன்று ஏக்கரில் நடுவே அரை ஏக்கர் போகிறது. கிணறு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். பைப் போக வழியில்லை, டிராக்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இப்படி நிலம் பிரிவதால் ஏற்படும் நஷ்டத்தையும் இழப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2013 சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கேட்டவருக்கே கிடைக்கும். வரைபடம் வரைந்து, எழுத்து மூலம் கேளுங்கள்.

பாதையால் தடைப்படும் வழிக்கும் வாய்க்காலுக்கும் மாற்று ஏற்பாடு செய்வது ரயில்வேயின் கடமை என்பது ரயில்வே சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு போல ஆளில்லா கேட் வைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அகலப் பாதையில் இருந்த ஆளில்லா கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரிக்குள் எடுக்கப்பட்டுவிட்டன. கீழ்ப்பாலம்தான் வரும். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் போகும் உயரம் உண்டா, மழை நீர் தேங்கினால் வடிய வழி உண்டா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். சிமெண்ட் பெட்டியை இறக்கிவிட்ட பிறகு உயர்த்த முடியாது.

இப்போதே செய்து வைக்க வேண்டியவை

நோட்டீஸ் வரும்வரை காத்திருந்தால் 30 நாளில் ஒன்றும் நடக்காது. கீழ்க்கண்டவற்றை இப்போதே முடித்து வையுங்கள்.

1. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று பெற்று மாற்றுங்கள். கூட்டுப் பட்டாவானால் பாகம் பிரித்து உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். பங்காளித் தகராறு உள்ள நிலத்துக்குப் பணம் நேரே கைக்கு வராது.

2. அடங்கலில் பயிர், கிணறு, மரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். மானாவாரி என்று எழுதியிருக்கும் நிலத்தில் நீங்கள் மஞ்சள் வைத்திருந்தாலும், கணக்கு மானாவாரிக்கே போகும்.

3. கிணறு, போர், மின் இணைப்பு ரசீது, சொட்டு நீர்ப் பாசனச் செலவு ஆகியவற்றின் சான்றுகளை ஒரே உறையில் வையுங்கள்.

4. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்கள் தங்கள் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டாக அந்த நிலத்தையே பிழைப்பாக நம்பியவரும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே 2013 சட்டம் கணக்கிடுகிறது. சான்று இல்லாவிட்டால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

5. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாய்க்கால், வண்டிப் பாதை, நகராட்சியில் சேர்வது ஆகிய விஷயங்களை அங்கே பேசித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்.

பணம் வாங்கும்போது

இழப்பீடு குறைவு என்று தோன்றினால் பணத்தை வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். 2013 சட்டப்படி, ஆட்சேபணை சொல்லாமல் வாங்கியவர் பின்னால் கூடுதல் கேட்டு மனுச் செய்ய முடியாது. தீர்ப்பின்போது நேரில் இருந்தவருக்கு அந்த மனுவுக்கு ஆறு வாரமே கெடு. ரயில்வே சட்டத்தின் கீழ் எடுத்த நிலமானால், தொகையில் உடன்பாடு இல்லாதவர் நடுவரிடம் போகலாம். அதற்குரிய கெடுவை நோட்டீஸ் வந்த அன்றே நில எடுப்பு அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச உதவி கிடைக்கும். போகும்போது பட்டா, அடங்கல், நோட்டீஸ் மூன்றின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.