கோப்பை வென்ற கிளப்பும் மாதச் சம்பளமும்

மெட்டுகுடாவின் பழைய தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு ரயில்வேயோடு ஏதாவது ஓர் உறவு இருக்கும். தாத்தா லாலாகுடா பட்டறையில் இருந்திருப்பார். 1966 அக்டோபர் 2ந் தேதி செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே பிறந்தபின் சித்தப்பாவோ அத்தையோ ஆபீசில் சேர்ந்திருப்பார்கள். ஆகவே வீட்டுப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினால், பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதனாலே வேலை கிடைக்குமா?"

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் 2024-25ல் ஐரோப்பாவில் நடந்த மகளிர் ஹேண்ட்பால் போட்டிகளைக் கவனித்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

கைப்பந்து என்றால் நம்மவர்கள் வாலிபாலை நினைப்பார்கள் என்பதால் ஹேண்ட்பால் என்றே சொல்லுவோம். பக்கத்துக்கு ஏழு பேர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள ஆடுகளம். அரை மணிக்கு ஒன்றாக இரண்டு பாதிகள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் எடுத்து வைக்கக்கூடாது. கோலுக்கு முன்னுள்ள ஆறு மீட்டர் கோட்டுக்குள் கோல்கீப்பரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக்கூடாது. அதனால்தான் வீராங்கனைகள் கோட்டுக்கு வெளியே எம்பிக் குதித்து, கால் தரையில் படுவதற்குள் பந்தை வீசுகிறார்கள். மகளிர் ஹேண்ட்பால் 1976ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

பதினாறு கிளப்புகள்

ஐரோப்பாவின் சிறந்த கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் சாம்பியன்ஸ் லீக்கில் அந்த ஆண்டு 16 அணிகள் இறங்கின. எட்டெட்டாக இரண்டு பிரிவுகள். பிரிவிலுள்ள ஒவ்வோர் அணியையும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை சந்திக்கவேண்டும். இதிலேயே 14 ஆட்டங்கள். அவரவர் நாட்டு லீக் ஆட்டங்கள் தனி. இறுதிக் கட்டத்துக்கு ஹங்கேரியின் க்யோர், பிரான்சின் மெட்ஸ், டென்மார்க்கின் ஓடென்சே, எஸ்பியெர்க் ஆகிய நான்கும் வந்தன. 2025 ஜூன் 1ந் தேதி புடாபெஸ்ட்டில் ஓடென்சேயை 29-27 என்று வென்று க்யோர் ஏழாவது முறையாகக் கோப்பையைத் தட்டிச் சென்றது.

ஆனால் அந்தப் பருவத்தின் பெரிய செய்தி கோப்பை அல்ல. 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இதே கோப்பையை வென்ற நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்டியான்சன்ட் கிளப், 2025 ஜனவரியில் பணமில்லாமல் திவாலானது. பாதிப் போட்டியிலேயே அணி கலைந்தது. ஐரோப்பாவையே வென்றவர்கள் வேறு கிளப்புகளைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. மூன்று கோப்பைகள் இருந்தும் மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதமில்லை!

இங்கே எப்படி?

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். இந்திய ஹேண்ட்பால் சம்மேளனம் தோன்றியது 1972ல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஐரோப்பாவைப்போல் மாதக்கணக்கில் நடக்கும் மகளிர் கிளப் லீக் நமக்கு வரவில்லை. பெண்களைத் தாங்கி நிற்பவை ரயில்வே, போலீஸ் போன்ற துறைகளே. விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்தவர் கிளார்க்காகவோ டிக்கெட் பரிசோதகராகவோ இருந்துகொண்டு ரயில்வே அணிக்கு ஆடுவார். ஆடமுடியாத வயது வந்தாலும் நாற்காலி போகாது.

இதில் குறையும் இருக்கிறது. வேலை உண்டு, போதிய ஆட்டம் இல்லை. தேசியப் போட்டி சில நாட்களில் முடிந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் புது டெல்லியில் ஆசிய மகளிர் சாம்பியன் போட்டி எட்டு நாடுகளோடு நடந்தது. இந்தியாவும் ஆடியது. இறுதியில் தென் கொரியாவை ஒரே கோல் வித்தியாசத்தில், 25-24 என்று ஜப்பான் வென்றது. ஆண்டு முழுவதும் ஆடிப் பழகியவர்களை, முகாமில் சில வாரம் கூடிப் பழகியவர்கள் எட்டிப் பிடிப்பது எளிதா?

ஹைதராபாத்துக்குக் கிளப் ஹேண்ட்பால் புதிதல்ல. 2017 நவம்பரில் ஆசிய ஆடவர் கிளப் போட்டி இங்கேதான் நடந்தது. மெட்டுகுடாவுக்கு மெட்ரோ ரயில் வந்ததும் அதே மாதத்தில்தான். ஆண்களுக்கு முடிந்தது பெண்களுக்கு ஏன் முடியாது? ரயில்வே அணியையும் மாநில அணிகளையும் சேர்த்து நான்கைந்து மாதம் ஆடவிட்டால், வேலையும் இருக்கும், ஆட்டமும் வளரும்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விளையாட்டுக் கோட்டா அறிவிப்பு எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வராது. எந்த விளையாட்டுக்கு எத்தனை இடம் என்பது மாறும். தகுதி பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் போட்டியில் ஆடியிருக்கவேண்டும். எனவே, "வேலை கிடைக்குமா?" என்று கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கேட்டுவிட்டுப் பெண்ணை வீட்டில் உட்கார்த்தி வைக்காதீர்கள். பந்தோடு மைதானத்துக்கு அனுப்புங்கள்.