பதினைந்துக்குப் பிறகான ஆறு புள்ளிகள்

இறகுப்பந்தாட்டத்தில் ஒரு செட்டை வெல்வதற்கு 21 புள்ளிகள் எடுக்க வேண்டுமா, 15 எடுத்தாலே போதுமா என்ற கேள்வி உலக பேட்மிண்டன் சம்மேளனத்தின் கூட்ட அரங்குகளில் எழுந்தது என்றாலும், அதற்குக் கிடைக்கும் விடை காஞ்சிபுரத்தில் மாலைப் பயிற்சிக்கு மட்டையோடு வரும் சிறுவர் சிறுமியர் வரை வந்து சேரக்கூடியது. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற இவ்வூரைச் சேர்ந்த துளசிமதி முருகேசன், 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் மகளிர் ஒற்றையர் எஸ்யூ5 பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்றபடி முழு ஆடுகளத்திலும் ஆடும் பிரிவே எஸ்யூ5 எனப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பேட்மிண்டனும் 2011 முதல் இதே சம்மேளனத்தின் பொறுப்பில் இருப்பதால், பாரிஸில் துளசிமதி ஆடியதும் பி.வி. சிந்து ஆடியதும் ஒரே புள்ளிக் கணக்கின் கீழ்தான்.

2006 முதல் நடைமுறைக்கு வந்த அந்தக் கணக்கின்படி, மூன்று செட்டுகளில் இரண்டை வெல்பவர் ஆட்டத்தை வெல்கிறார். சர்வீஸ் போட்டவர் யாராக இருந்தாலும், பந்து விழுந்த ஒவ்வொரு முறையும் ஒருவருக்குப் புள்ளி உண்டு. முதலில் 21ஐ எட்டுபவருக்கு செட். இருவரும் 20இல் சமமாக நின்றால், மைதானங்களில் டியூஸ் என்று சொல்லப்படும் அந்த நிலையிலிருந்து இரண்டு புள்ளி முன்னேறுபவர் வெல்வார். அப்படியும் முடியாமல் 29-29 வரை இழுத்தால், 30ஆவது புள்ளியே முடிவு. பாரிஸ் அரையிறுதியில் துளசிமதியும் திருவள்ளூரைச் சேர்ந்த மனீஷா ராமதாஸும் மோதியபோது, முதல் செட் 23-21 என்று முடிந்தது. அதாவது நாற்பது புள்ளிகள் ஆடிய பிறகும் இரு தமிழ்நாட்டு வீராங்கனைகளுக்கும் நடுவே இடைவெளி எதுவும் இருக்கவில்லை. இரண்டாவது செட்டை துளசிமதி 21-17 என்று வென்றார். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன், ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் சீனாவின் யாங் சியூசியாவை அவர் வென்றது 21-19, 21-19 என்ற கணக்கில். அதே யாங்கிடம் பாரிஸ் இறுதியாட்டத்தில் தோற்றது 17-21, 10-21 என்ற கணக்கில். நெருக்கமான இந்த செட்டுகளில் எல்லாம் தோற்றவரும் 15ஐத் தாண்டியிருந்தார் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு இந்த விவாதத்துக்குள் நுழைவது நல்லது.

புள்ளிக் கணக்கு இதற்கு முன்பும் மாறியிருக்கிறது. பழைய முறையில் ஆண்கள் ஆட்டத்துக்கும் இரட்டையர் ஆட்டத்துக்கும் 15 புள்ளி, மகளிர் ஒற்றையருக்கு 11 புள்ளி. சர்வீஸ் கையில் இருப்பவர் மட்டுமே புள்ளி எடுக்க முடியும், எதிராளி பந்தை வென்றால் அவருக்குக் கிடைப்பது சர்வீஸ் மட்டுமே. பிரகாஷ் படுகோன் 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை 15-3, 15-10 என்று வென்றதும், கோபிசந்த் 2001இல் அதே பட்டத்தை 15-12, 15-6 என்று வென்றதும் இந்தக் கணக்கில்தான். அந்த முறையின் பெரிய சிக்கல், ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாமல் இருந்தது: மகளிர் அணிகளுக்கான 1996 ஊபர் கோப்பையில் தென்கொரியாவின் ரா கியுங்-மின் ஓர் ஆட்டத்தை ஆறே நிமிடங்களில் முடித்தார், அடுத்த ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியின் ஆண்கள் இறுதியாட்டமோ 124 நிமிடங்கள் நீண்டது. சர்வீஸ் இருபுறமும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்க, பலகையில் எண் அசையாமல் நின்ற நேரங்கள் பார்வையாளரைச் சோர்வடையச் செய்தன. வாலிபால் 1990களின் இறுதியிலேயே ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறைக்கு மாறிவிட்டது; டேபிள் டென்னிஸ் 2001இல் 21 புள்ளிகளை 11ஆகக் குறைத்தது. பேட்மிண்டனும் ஏழு புள்ளிகள் கொண்ட ஐந்து செட் முறையைச் சில காலம் ஆடிப் பார்த்துக் கைவிட்டுவிட்டு, 2006இல் 21க்கு வந்து சேர்ந்தது.

அந்த மாற்றம் சரியானது என்பதில் ஐயமில்லை. அது புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை. புள்ளி என்பதன் இயல்பையே மாற்றியது. ஆடிய ஒவ்வொரு பந்துக்கும் மதிப்பு வந்தது, சர்வீஸ் போடும்போது செய்யும் பிழைக்கும் விலை வந்தது. அதற்குப் பிறகு வந்த யோசனைகள் அப்படிப்பட்டவை அல்ல. பந்துக்கு ஒரு புள்ளி என்ற அடிப்படையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் நீளத்தை மட்டும் வெட்டுவதே அவற்றின் நோக்கம்.

முதலில் வந்தது, 11 புள்ளிகள் கொண்ட ஐந்து செட் என்ற யோசனை. 2018 மே மாதம் பாங்காக்கில் கூடிய பொதுக்குழுவில் அதற்கு ஆதரவாக 129 வாக்குகளும் எதிராக 123 வாக்குகளும் விழுந்தன. ஆட்ட விதியை மாற்ற மூன்றில் இரு பங்கு வாக்குகள் வேண்டும் என்பதால் அது தோற்றது. இந்தோனேசியாவும் மாலத்தீவும் அதையே மீண்டும் கொண்டுவந்தபோது, 2021 மே மாதக் கூட்டத்தில் பதிவான 282 வாக்குகளில் 187 ஆதரவாக விழுந்தன. தேவைப்பட்டது 188. அதாவது உலகம் முழுவதும் ஆடப்படும் ஒரு விளையாட்டின் கணக்கு ஒரே ஒரு வாக்கில் மாறாமல் நின்றது. உறுப்பு நாடுகளுக்கு அவற்றின் பங்களிப்பைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து வாக்குகள் வரை உண்டு என்பதை நினைத்தால், அந்த ஒரு வாக்கு ஒரு நாட்டின் முழு விருப்பமாகக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்த யோசனை இது: செட்டுகள் மூன்றேதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 15 புள்ளிகள், 14-14 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும், 20-20 வரை போனால் 21ஆவது புள்ளியே முடிவு. 2025இல் சில போட்டிகளில் இதைச் சோதித்துப் பார்த்த சம்மேளனத்தின் நிர்வாகக் குழு, 2026 ஏப்ரல் பொதுக்குழுவின் வாக்குக்கு இதை வைப்பது என்றும், ஏற்கப்பட்டால் 2027 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்துவது என்றும் முடிவெடுத்தது. இந்திய மண்ணிலேயே இந்தக் கணக்கு ஆடப்பட்டிருக்கிறது: 2025 அக்டோபரில் குவாஹாட்டியில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் தன்வி சர்மா வெள்ளி வென்ற இறுதியாட்டத்தின் கணக்கு 7-15, 12-15. தமிழ் ரசிகர்களுக்குக் குறுகிய செட் புதிதும் அன்று. 2017இல் சென்னை ஸ்மாஷர்ஸ் அணி பிரீமியர் பேட்மிண்டன் லீக் கோப்பையை வென்றபோது, இறுதியில் சிந்து தம் ஆட்டத்தை 11-8, 11-8 என்று முடித்தார். லீக் என்பது ஓர் இரவில் ஐந்து ஆட்டங்களைக் காட்டி மக்களை மகிழ்விக்கும் திருவிழா; அங்கே அது பொருந்தியது.

புள்ளிகளைக் குறைத்தால் பலவீனமானவர் வென்றுவிடுவார் என்ற அச்சம் பரவலாக உண்டு. இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நூறு பந்துகளில் 55ஐ வெல்லும் திறமை உள்ள ஒருவர், 45ஐ வெல்லும் எதிராளியோடு 21 புள்ளி முறையில் நூறு ஆட்டங்கள் ஆடினால் ஏறத்தாழ 84இல் வெல்வார். 15 புள்ளி முறையில் அது சுமார் 80ஆகக் குறையும். வாக்கெடுப்பில் தோற்ற, 11 புள்ளிகள் கொண்ட ஐந்து செட் முறையில் சுமார் 82. ஆகவே திறமை தோற்றுப்போகும் என்ற கூச்சல் மிகை. ஆனாலும் இரண்டு முறை வாக்கெடுப்பில் தோற்ற யோசனையைக் காட்டிலும் அதற்குப் பதிலாக வந்திருப்பது சிறந்த ஆட்டக்காரருக்குக் குறைவான பாதுகாப்பையே தருகிறது என்பது கவனிக்கத்தக்கது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியாட்டத்தில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா சிந்துவை 21-19, 20-22, 22-20 என்று வென்றார்; இரண்டாவது செட்டின் கடைசிப் பந்து மட்டும் 73 முறை அடிக்கப்பட்டது; ஆட்டம் 110 நிமிடங்கள் நீடித்தது. அந்த ஆட்டத்தில் இருவரும் எடுத்த மொத்தப் புள்ளிகள் 124. புதிய முறையில் மூன்று செட்டும் 21-20 என்று கடைசி எல்லை வரை போனாலும் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளிகள் 123தான். இந்தியப் பேட்மிண்டனின் மிகச் சிறந்த ஆட்டம் என்று பலர் கொண்டாடும் ஒன்று, புதிய விதியின் கீழ் கணக்கின்படியே நிகழ முடியாத ஆட்டமாகிவிடும்.

பின்தங்கியவர் மீள்வதற்கு வேண்டிய இடமும் சுருங்குகிறது. இறகுப்பந்து என்பது 16 இறகுகள் கோத்த, ஐந்து கிராம் அளவே எடையுள்ள பொருள்; அரங்கில் குளிரூட்டியின் காற்றோ, மேலே திறந்திருக்கும் ஜன்னலின் காற்றோ அதை ஒரு பக்கம் தள்ளும். எந்தப் பக்கம் நின்றால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகிறது, எந்தப் பக்கம் நின்றால் குறைந்து விழுகிறது என்பதைக் கை பழகிக்கொள்ளச் சில புள்ளிகளை விலையாகக் கொடுக்கத்தான் வேண்டும். 21 புள்ளி முறையில் 4-9 என்று பின்தங்கியவர், 11இல் வரும் ஒரு நிமிட இடைவேளையில் பயிற்றுநரின் சொல்லைக் கேட்டு, ஆட்டத்தை மாற்றி, திரும்பி வர முடியும். 15 புள்ளி முறையில் இடைவேளை எட்டிலேயே வந்துவிடும்; அதற்குள் பின்தங்கிவிட்டவர், எதிராளி இன்னும் ஏழு புள்ளிகள் எடுப்பதற்குள் மீள வேண்டும். பொறுமையாகப் பந்தைத் திருப்பிப்போட்டு எதிராளியைக் களைப்படையச் செய்து வெல்லும் ஆட்டமுறை இதனால் முதலில் அடிவாங்கும். முதல் பந்திலிருந்தே பாய்ந்து அடிப்பவருக்கே அனுகூலம் கூடும்.

மாற்றத்தை வேண்டுபவர்களின் பக்கத்திலும் கனமான காரணங்கள் உண்டு. ஒரு வாரத்தில் ஐந்து ஆட்டங்கள், அடுத்த வாரம் வேறு நாட்டில் இன்னொரு போட்டி என்று ஓடும் ஆட்டக்காரர்களின் முழங்காலும் கணுக்காலும் தேய்கின்றன. தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி எப்போது முடியும் என்ற உறுதி வேண்டும். உடல்நலம் பற்றிய கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆட்டம் நீள்வதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கைதான் காரணமா? 2016இல் வூஹானில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியின் மகளிர் இரட்டையர் அரையிறுதி, 161 நிமிடங்கள் ஓடி வரலாற்றில் இடம்பிடித்தது; அதன் கணக்கு 13-21, 21-19, 24-22, மொத்தம் 120 புள்ளிகள். கிளாஸ்கோவில் 124 புள்ளிகளுக்கு 110 நிமிடங்கள். வூஹானில் நான்கு புள்ளிகள் குறைவு, நேரமோ 51 நிமிடங்கள் அதிகம். ஒரு புள்ளிக்குக் கிளாஸ்கோவில் சுமார் 53 விநாடிகள் செலவாக, வூஹானில் 80 விநாடிகள் செலவாயின. பந்து எத்தனை முறை போய்வருகிறது, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே வியர்வை துடைக்கவும் தரையைத் துடைக்கவும் பந்தை மாற்றவும் எவ்வளவு நேரம் போகிறது என்பவையே நீளத்தைத் தீர்மானிக்கின்றன. டென்னிஸ் இதற்கு 25 விநாடிக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது, செட்டை வெட்டவில்லை.

குறுகிய கணக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் சிற்றூர்களும் மாவட்டத் தலைநகரங்களும்தான். இரண்டே ஆடுகளங்களில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆடவைக்க வேண்டிய அமைப்பாளர்கள், தொடக்கச் சுற்றுகளை ஒரே செட்டில் முடித்துவிடுவது வழக்கம். இறகால் ஆன ஷட்டில் விலை ஏறிக்கொண்டே போகும் நிலையில் அது செலவையும் மிச்சப்படுத்துகிறது. அதற்காக உலக விதியை மாற்ற வேண்டியதில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டு வேறு கணக்கில் ஆட விதிநூலே இடம் தருகிறது. மாறாக, உலக அரங்கிலேயே 15 என்றாகிவிட்டால், தினக்கூலிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி காஞ்சிபுரத்தில் தந்தையிடம் கற்றுக்கொண்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே பாரிஸ் வரை போன பாதையில் நாளை வரும் பிள்ளைக்கு, பெரிய அரங்கின் காற்றையும் வெளிச்சத்தையும் பழகிக்கொள்ளக் கிடைக்கும் புள்ளிகள் ஒவ்வொரு செட்டிலும் ஆறு குறையும். குளிரூட்டிய அரங்கில் ஆண்டு முழுவதும் பயிலும் எதிராளிக்கு அந்த ஆறு புள்ளிகள் பெரிய பொருட்டல்ல. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள நேரத்துக்கு முதலில் ஒரு வரம்பு வைத்து, இரண்டு பருவங்கள் ஆடவிட்டு, ஆட்டங்கள் எவ்வளவு சுருங்கின என்ற கணக்கை எல்லா உறுப்பு நாடுகளின் முன்னும் வைத்த பிறகே செட்டில் கை வைப்பதா என்று சம்மேளனம் யோசிக்க வேண்டும். இந்திய பேட்மிண்டன் சங்கமும் தன் வாக்குகளை அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே போட வேண்டும்.